அந்தப்புரக் கதையும் பெண்ணியமும்

ஓர் ஆண்மீது பல பெண்கள் காதல் கொள்ளும் கதைவகை அந்தப்புரக் கதை. ஜப்பானிய மாங்கா, அனிமேயில் இதை 'ஹாரெம்' என்பர். ருமிகோ தகாஹாஷி என்ற பெண் 1978-இல் வரையத் தொடங்கிய 'உருசே யாட்சுரா' இதன் முன்னோடிகளுள் ஒன்று. இவ்வகை பெண்ணியப் படைப்பாக முடியுமா என்ற வினாவுக்குத் தஞ்சைச் சீமையில் பழைய சான்று உண்டு.

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (ஆட்சி 1739–1763) அவையில் இருந்த கணிகையர் குலக் கவிஞர் முத்துப்பழனி. அவர் தெலுங்கில் பாடிய சிருங்கார காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. இதில் ராதை தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடிக்கிறாள். இருவருக்கும் இன்பத்தின் நுட்பங்களைச் சொல்லித் தருகிறாள். பிறகு பிரிவு தாளாமல் கொதிக்கிறாள். கண்ணன்தான் வந்து பணிந்து அவள் சினத்தைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ஆண் பல பெண்களைக் கொள்ளும் வழக்கத்தைக் காவியம் கேள்வி கேட்கவில்லை. ராதையின் துயரமே அதிலிருந்துதான் பிறக்கிறது. ஆயினும் கதையை நகர்த்துவது அவளுடைய ஆசையும் கோபமும். இந்த அளவில் இதைப் பெண்ணியப் படைப்பு என்றே கொள்ளலாம். நாயகன் கண்ணுக்கு விருந்தாக மட்டும் பெண்களை நிறுத்தும் மாங்காக்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பெண் வரைந்தது என்பது மட்டும் போதாது.

பெண்ணின் விருப்பம் அவள் பெயராலேயே பதிவான இன்னொரு சான்று திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் உள்ள பாவை விளக்கு. மராட்டிய அரச குலத்து அம்முனு பாய் (அம்மணி அம்மாள்), பிரதாபசிம்மன் என்ற உறவினரை மணக்க லட்சதீப நேர்த்தி செய்து, தன் உருவையே விளக்கேந்தும் பாவையாக 1853-இல் வைத்தார். பீடத்துக் கல்வெட்டு இதைக் கூறுகிறது. இந்தப் பிரதாபசிம்மன் முன்சொன்ன மன்னர் அல்லர்.

மீண்டும் முத்துப்பழனிக்கு வருவோம். அவருடைய நூல் 19-ஆம் நூற்றாண்டில் பல பாடல்கள் வெட்டப்பட்டே அச்சேறியது. ஒரு பெண் வாயில் வரத்தகாதவை என்று தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் கண்டித்தார். இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் முழு நூலையும் சென்னையில் வெளியிட்டு, நாணம் பெண்களுக்கு மட்டுந்தானா, ஆண் புலவர்களுக்கு இல்லையா என்று முன்னுரையில் நேராகக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆங்கிலேய அரசு 1911-இல் பிரதிகளைப் பறிமுதல் செய்து நூலைத் தடை செய்தது. சென்னை மாகாண முதல்வராக இருந்த தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியால் 1947-இல் தடை நீங்கியது. 1952-இல் நூல் மீண்டும் அச்சாயிற்று.