கால்வாய் நகரின் தீயும் செப்புத்தகட்டுப் படங்களும்

ஆம்ஸ்டர்டாம் நகர வீதிகளை ஒட்டியே கால்வாய்கள் ஓடின. ஆயினும் 1652இல் அந்நகரின் பழைய நகர மன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. நீருக்குக் குறைவில்லை, அதனை நெருப்பின் நடுவே சேர்க்கும் வழிதான் இல்லை. மக்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினர். வாளிநீரை ஊற்றி இயக்கிய பழைய பொறிகளோ வாயிலுக்கு வெளியே நின்று பீய்ச்சின. வீட்டின் உட்புறத் தீயை அந்நீர் எட்டுவது அரிது.

அத்தீயைச் சிறுவனாகக் கண்ட யான் வான் டெர் ஹெய்டன் (1637-1712) பின்னர் நகரக் காட்சிகளைத் தீட்டும் ஓவியராகப் புகழ் பெற்றார். அவரும் உடன்பிறந்தார் நிக்கோலாசும் 1672 அளவில் தோலாலான நீர்க்குழாயைப் பொறியில் இணைத்தனர். கால்வாயிலிருந்து நீர் நேரே ஏறியது; குழாயைப் பற்றியவர் மாடிப்படி ஏறித் தீயின் அருகே செல்ல முடிந்தது.

1690இல் அவர் தம் மகனோடு வெளியிட்ட நூலின் படங்கள் இவ்வரலாற்றுக்குத் தலையாய சான்று. எரியும் வீடொன்றைக் குறுக்காக வெட்டிக் காட்டி, பழைய முறையையும் புதிய முறையையும் ஒருங்கே வைக்கிறது ஒரு படம். எனினும் வரைந்தவரே பொறியைச் செய்து விற்றவர். நகரத் தீயணைப்புப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. பழைய முறையின் குழப்பம் சற்று மிகைப்பட்டிருத்தல் கூடும். நகர மன்றத் தீயைக் காட்டும் படம் நூலேறியதும் 38 ஆண்டுகள் கழிந்த பின்னரே. இவற்றினும் நம்பத்தக்கவை தீ அணைந்தபின் எஞ்சிய சுவர்களைக் காட்டும் படங்கள். அங்கே விற்பனையாளர் ஒதுங்கிக்கொள்ள, செங்கல் செங்கலாகக் கட்டடம் வரைந்து பழகிய ஓவியரின் கண்ணே தெரிகிறது.