நம்ம ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் தரம் பத்து வகுப்பில் ஒரு மாணவி தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். கொரியாவின் சியோல் நகரத்து அரண்மனை. பட்டுப் பாவாடையும் குட்டைச் சட்டையுமாக இளம் பெண்கள் முற்றத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். அவளுடைய அண்ணன் அங்கே வேலைக்குப் போகப் பரீட்சைக்குக் கொரிய மொழி படிக்கிறான். இன்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் அந்தப் புத்தகம் இருக்கிறது. அவள் கேட்டாள்: "சேர், அங்க இவ்வளவு இருக்கு. நம்ம ஊர்ல பாக்க என்னா இருக்கு? தேயிலை மட்டும்தானே?"

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வரலாறு படிப்பிக்கும் எங்களிடம் அந்தக் கேள்விக்குக் கைவசம் பதில் இருக்கவில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் காசு செலவழித்துப் பார்க்க வருகிற ஊரில் பிறந்த பிள்ளை, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறது. பிழை பிள்ளையில் இல்லை.

முதலில் அந்த அரண்மனையைப் பற்றித் தேடி வாசித்தோம். பெயர் கியோங்பொக்குங். 1395இல் கட்டப்பட்டது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, ஏறக்குறைய 270 வருடங்கள் பாழாய்க் கிடந்து, 1867இல் திரும்ப எழுப்பப்பட்டது. 1910இல் ஜப்பான் நாட்டையே பிடித்துக்கொண்டது. அரண்மனையின் பெரும் பகுதியை இடித்து, அதன் முன்னாலேயே 1926இல் தன் ஆட்சித் தலைமையகத்தைக் கட்டியது. சுதந்திரம் கிடைத்து 50 வருடம் ஆனபோது, 1995இல், கொரியர்கள் அந்தத் தலைமையகத்தை இடிக்கத் தொடங்கினார்கள். இடித்த அரண்மனைப் பகுதிகளைப் பழைய அமைப்பிலேயே ஒவ்வொன்றாகக் கட்டி வருகிறார்கள். பாரம்பரிய உடையில் வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

அதே நகரத்தில் சோதேமுன் என்றொரு பழைய சிறைச்சாலை இருக்கிறது. 1908இல் திறந்தது. சுதந்திரம் கேட்டவர்களை அடைத்து வைத்த இடம். 1998இல் அதை வரலாற்று நூதனசாலை ஆக்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்த அறைகளையும் காட்டுகிறார்கள். ராஜா இருந்த இடத்தைக் காட்டுகிறவர்கள், தங்கள் ஆட்கள் அடிபட்ட இடத்தையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். எங்களை யோசிக்க வைத்தது இதுதான்.

இப்போது அந்த 1867க்கு வருவோம். கொரியாவில் அரண்மனை திரும்ப எழுந்த அதே வருடம், ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடம்தான். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிய, தேயிலை மலை மலையாக ஏறியது. டெய்லர் உட்கார்ந்து பார்ப்பாராம் என்று ஒரு கல் இருக்கையைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். கண்டி மஹியாவையில் அவருடைய கல்லறையும் இருக்கிறது. இருக்கட்டும், அவரும் உழைத்த மனிதர்தான்.

ஆனால் 19 ஏக்கரையும் ஒருவர் தனியாக வெட்டவில்லை. 1820களில் கோப்பிக்கென்று தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த சனம், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தது. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023இல், 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தவர்கள் அதே பாதையில் திரும்ப நடந்தார்கள். அந்தப் பாதை நம்முடைய பாரம்பரியச் சின்னம் இல்லையா?

இதை வகுப்பில் சொன்னால் மட்டும் போதாது என்று நினைத்தோம். பெற்றோரிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து, 32 பிள்ளைகளோடு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போனோம். எல்லாரும் நூறு தடவை போன பாதை. இந்தத் தடவை பார்த்துக்கொண்டு போவோம் என்று சொன்னோம்.

காலையில் வானம் வெளித்திருந்தது. பஸ்ஸில் ஏறும் முன் மலையைக் காட்டினோம். 2,243 மீற்றர். சைவர்களுக்குச் சிவனொளிபாத மலை, சிங்களவர்களுக்கு ஸ்ரீபாத, எங்களுக்கு பாவா ஆதம் மலை, கிறிஸ்தவர்களிலும் அந்த நம்பிக்கை உண்டு. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அந்த மலைக்கு ஏறினார். பாறையில் இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். அவருக்குப் பல்லக்கும் ஆளும் கொடுத்து அனுப்பியவர் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. துணைக்குப் போனவர்களில் யோகிகளும் பிராமணர்களும் இருந்தார்கள். இதைச் சொன்னபோது பின் வரிசைப் பையன் ஒருவன், "அப்ப அந்தக் காலத்துலயே எல்லாரும் சேர்ந்துதான் மலைக்குப் போனாங்களா சேர்?" என்றான். ஆமாம் என்றோம்.

2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தது. அதில் அந்த மலையைச் சுற்றிய வனமும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் காடும் இருக்கின்றன. காட்டுக்கும் மிருகத்துக்கும் கிடைத்த மதிப்பு அது, சந்தோசம். காட்டின் விளிம்பில் 200 வருடமாக மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கொட்டகலை, பத்தனை தாண்டி டெவன் நீர்வீழ்ச்சி. 97 மீற்றர் உயரம். பழைய கோப்பித் தோட்ட முதலாளி ஒருவரின் பெயர் அது. வாகனங்கள் வரிசையாக நின்றன. எல்லாரும் நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் எடுத்தார்கள். எடுத்து முடிந்த பிறகு கேட்டோம்: "டெவன் என்றால் வேறு என்ன ஞாபகம் வருகிறது?" 32 பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1977 மே 11. தோட்டங்கள் அரசின் கைக்குப் போயிருந்த காலம். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பங்கிட ஏற்பாடு நடந்தது. காணி போனால் வேலையும் போகும், இருக்கிற லயமும் போகும் என்று தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி செத்துப்போனார். நாங்கள் நின்று படம் எடுத்த இடத்தின் பெயரிலேயே உள்ள தோட்டம் அது.

பிள்ளைகள் பேசாமல் நின்றார்கள். கொரியாவைக் காட்டிய அந்த மாணவி ஒரு பக்கமாகப் போய்த் தன் அப்பாயிக்குப் போன் எடுத்தாள். "அப்பாயி, நாங்க டெவன்ல நிக்கிறோம்" என்று மட்டும்தான் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா, "லெட்சுமணன சுட்ட எடமா?" என்று கேட்டிருக்கிறார். மாணவி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவளுடைய வீட்டுக்குள்ளேயே அந்தப் பெயர் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை.

அடுத்து சென்கிளேயர் நீர்வீழ்ச்சி. 80 மீற்றர். அதன் தண்ணீரைத் தலவாக்கலையில் மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து கொண்டுபோய் மின்சாரம் எடுக்கிறார்கள். மேல் கொத்மலைத் திட்டம், 2012இல் தொடங்கியது, 150 மெகாவாற். நாட்டுக்கு வெளிச்சம் தருகிற தண்ணீர். அந்த அணைக்காகப் பழைய வீடுகளை விட்டு எழும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும் எங்கள் பஸ்ஸில் இருந்தார்கள்.

தலவாக்கலையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிச் சொன்னோம். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த எழுத்தாளர். 1947 தேர்தலில் இதே தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்த சனத்தின் பெரும்பாலானோருக்கு நாடும் இல்லை, வாக்கும் இல்லை என்றாகிவிட்டது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் அந்தச் சட்டம் விடவில்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கமும் எழுதிக் கையெழுத்து வைத்தன. அந்த ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. எங்கள் மூத்தவாப்பா தோட்டத்துப் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருடைய பழைய கடன் கொப்பி ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. அரிசி, மா, மண்ணெண்ணெய் என்று கணக்கு. சில பெயர்களைக் கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் "இந்தியா" என்று எழுதியிருக்கிறார். சில பெயர்களுக்குக் கீழே கடன் தீர்ந்திருக்கிறது, சிலதில் தீரவில்லை. பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கின்றன. கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறிய குடும்பங்கள் அவை. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் திரும்பவும் தேயிலையைத்தான் பறித்தார்கள். அவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. அந்தக் கொப்பியைப் பஸ்ஸில் கையிலிருந்து கைக்கு அனுப்பினோம். தங்களுடைய தோட்டத்தின் பெயரைக் கண்டு பிள்ளைகள் விரலை வைத்துக் காட்டினார்கள்.

பின்னேரம் நுவரெலியா. சிவப்புச் செங்கல் தபாலகம், 1894இல் கட்டியது. இதை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இது எங்களுடையது என்று நாலு பேர் எழும்பி நின்றால்தான் ஒரு கட்டடம் மரபுரிமை ஆகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

ஆளுக்கொரு தபால் அட்டை வாங்கிக் கொடுத்தோம். இன்று பார்த்ததில் ஒன்றை எழுதி உங்கள் வீட்டுக்கே போடுங்கள் என்றோம். எழுதி முடித்தார்கள். விலாசம் எழுதும் இடத்தில் பேனை நின்றது. "சேர், எங்க வீட்டுக்கு நம்பர் இல்லையே?" பெயர், டிவிசன், தோட்டம், தபாலகம். அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நூறு வருடத்துக்கு மேல் தபாலகம் இருக்கிற ஊரில், தபால்காரர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடாத லயங்கள் இன்னும் இருக்கின்றன. வேலைக்கு வந்த கடிதம் பிந்திக் கிடைத்து நேர்முகப் பரீட்சையைத் தவறவிட்ட அண்ணன்மாரின் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

உறவுகளே, நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அழகை அல்லாஹ் எல்லாருக்கும்தான் கொடுத்திருக்கிறான். வருகிறவர்களும் வரட்டும், கடைகள் ஓடட்டும். ஆனால் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களே, பெற்றோரே, உங்கள் பட்டியலில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது; பழைய இயந்திரங்களையும் டெய்லரின் வரலாற்றையும் பார்க்கலாம். அதோடு நின்றுவிடாமல் கம்பளைப் பக்கம் பரதெக்கவில் உள்ள தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கும் போங்கள். பழைய லயத்துக்குள்ளேயே உழைத்தவர்களின் பாவனைப் பொருட்களை வைத்திருக்கிறார்கள். லூல்கந்துரவில் கல் இருக்கையைக் காட்டினால், அதே ஹேவாஹெட்டைப் பக்கத்தில் முல்லோயா என்றொரு தோட்டம் இருப்பதையும், 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நின்ற இடத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானுஓயாவில் இறங்கினால் 1885இல் அந்த ரயில் பாதையை யார் வெட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வீட்டில் அப்பாயி, அம்மாயி, உம்மும்மா இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் பிறகு எந்த நூதனசாலையிலும் அது கிடைக்காது.

தபால் அட்டைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். டவுன் பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே கிடைத்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு கிழமை, சிலருக்கு அதற்கும் மேல். நான்கு அட்டைகள் இதை எழுதும்வரை வந்து சேரவில்லை.

அந்த மாணவியுடையது பன்னிரண்டாம் நாள் வந்தது. வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினாள். முன்பக்கம் நுவரெலியாத் தபாலகத்தின் படம். பின்பக்கம் அப்பாயிக்கு எழுதியிருந்தாள்: "லெட்சுமணன் கதைய முழுசா சொல்லுங்க. நான் எழுதி வைக்கிறேன்." அப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது. அவளேதான் வாசித்துக் காட்டினாளாம். இரண்டு கொப்பித் தாள் நிறைய எழுதிக்கொண்டும் வந்தாள். அடுத்த வாரம் வகுப்பில் வாசிக்கப் போகிறாள்.

உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர், ஒரு இடம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளோடு போய்ப் பார்க்க ஆசை.

வஸ்ஸலாம்.