இறையில்லத்து விளக்குகள்

தொழுகை நிறைவேற வெளிச்சம் ஒரு நிபந்தனையன்று. இருளில் நின்று தொழுதாலும் தொழுகை கூடும். அங்ஙனமிருக்க, பள்ளிவாசலில் விளக்கேற்றுவதை நம் முன்னோர் ஏன் பேரறமாகப் போற்றினர்? விளக்கை எங்கே வைப்பது, எவ்வளவு தாழத் தொங்கவிடுவது, அதன் புகையை எவ்வழியே போக்குவது என்றெல்லாம் ஏன் அத்துணை நுணுகி ஆராய்ந்தனர்? வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்குப் பேரீச்ச மரங்களே தூண்கள். அவற்றின் ஓலைகளே கூரை. இரவு நேரங்களில் காய்ந்த பேரீச்ச மட்டைகளைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்குவர். மட்டை எரியும் வரையில்தான் வெளிச்சம். அதன் பின்னர் புகையும் இருளுமே எஞ்சும். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் பாலஸ்தீனப் பகுதியிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவியவர் தமீமுத் தாரி (ரலி) அவர்கள். ஒலிவ எண்ணெய் விளக்கு அவர்தம் நாட்டாருக்குப் பழகிய பொருள். பள்ளிவாசல்களில் முதன்முதல் விளக்கேற்றியவர் அவரே என்னும் அறிவிப்பு இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது.

பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரமளான் இரவுகளில் மக்களை ஓர் இமாமின் பின்னே ஒன்று திரட்டினார்கள். நெடுநேரம் நின்று திருமறை ஓதுதலைக் கேட்கும் அக்கூட்டத்திற்கு விளக்குகள் இன்றியமையாதனவாயின. பிற்காலத்தில் அவ்விளக்கொளியைக் கண்ட அலி (ரலி) அவர்கள், உமருடைய மண்ணறை ஒளிபெற வேண்டுமென இறைஞ்சியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். எனவே, விளக்கு முதலில் அணிகலனாக வரவில்லை. கூடி நிற்கும் மனிதர்களின் தேவைக்காகவே வந்தது. இந்த அடிப்படையை மறவாமல் மேலே செல்வோம்.

காலம் செல்லச் செல்ல அந்தத் தேவையே கலையாக மலர்ந்தது. மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் எகிப்திலும் சிரியாவிலும் வண்ணப் பூச்சும் பொன் பூச்சும் கொண்ட கண்ணாடி விளக்குகள் உருவாயின. கழுத்து விரிந்து, வயிறு பருத்து, சங்கிலி கோக்கக் காதுகள் கொண்ட அழகிய குடுவைகள் அவை. கெய்ரோவில் 1356-இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹஸன் பள்ளிவாசலின் விளக்குகள் பல இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. இத்தகைய விளக்குகளின் கழுத்தில் பெரும்பாலும் பொறிக்கப்பட்டது அந்நூர் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம். மாடத்தையும், விளக்கையும், கண்ணாடியையும், ஒலிவ எண்ணெயையும் உவமையாக்கி இறையொளியைப் பேசும் வசனம் அது. விளக்கைப் பற்றிய வசனத்தை விளக்கின் மீதே எழுதி, உள்ளே சுடரை ஏற்றினர். எத்துணைப் பொருத்தம்!

ஒரு கட்டடம் முழுவதையுமே ஒளியை எண்ணி அமைத்த பெருமைக்குச் சிறந்த சான்று, இஸ்தான்பூலில் உள்ள சுலைமானிய்யாப் பள்ளிவாசல். உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 1550 முதல் 1557 வரை அதனைக் கட்டி முடித்தார். அதன் பெரிய குவிமாடம் தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீட்டர் உயரமுடையது. பகலில் குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றிய சாளரங்களும் சுவர்ச் சாளரங்களும் கதிரவன் ஒளியை உள்ளே பரப்புகின்றன. கிப்லாச் சுவரின் வண்ணக் கண்ணாடிகள் அவ்வொளியின் கூச்சத்தைத் தணிக்கின்றன.

இரவுக்கு என்ன செய்தார்கள்? அத்துணை உயரமான மாடத்தின் உச்சியில் விளக்கை வைத்தால் எண்ணெய்ச் சுடரின் ஒளி தரையை எட்டாது. தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது இயற்கை நியதி. ஆகவே, நீண்ட சங்கிலிகளில் இரும்பு வளையங்களைத் தொங்கவிட்டு, மனிதர் தலைக்குச் சற்று மேலே விளக்குகளை வரிசையாக நிறுத்தினர். திருமறையின் ஏட்டில் ஒளி விழுந்தது. எண்ணெய் ஊற்றுவோருக்கும் திரியைத் தூண்டுவோருக்கும் பணி எளிதாயிற்று. எண்ணெய்க்கும் விளக்கேற்றுவோர் ஊதியத்திற்கும் வக்ஃபுச் சொத்துக்கள் வழிசெய்தன.

புகையையும் அவர்கள் மறக்கவில்லை. உள்ளே உலவும் காற்று விளக்குப் புகையை வாயிலின் மேலுள்ள ஓர் அறைக்கு ஈர்த்துச் செல்லும்படி சினான் அமைத்தார் என்றும், அங்கே படிந்த கரியைத் திரட்டி எழுத்துக் கலைஞர்கள் மை செய்தனர் என்றும் கூறுவர். ஓதுவதற்கு ஒளி தந்த விளக்கே, எழுதுவதற்கு மையும் தந்தது! வீண்விரயம் தவிர்த்தல் என்பதற்கு இதனினும் அழகிய விளக்கம் வேறென்ன வேண்டும்?

பள்ளியின் வெளியேயும் ஒளி பேசியது. 'மினாரா' என்று நாம் வழங்கும் சொல், 'நூர்' என்னும் ஒளிச்சொல்லுக்கு உறவான 'மனாரா' என்னும் அரபுச் சொல்லே; ஒளியின் இடம் என்பது அதன் பொருள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுல்தான் அஹ்மது காலத்திலிருந்து, இஸ்தான்பூலில் இரு மினாராக்களுக்கு இடையே கயிறு கட்டி, எண்ணெய் விளக்குகளால் வானில் எழுத்துக்களை அமைக்கும் 'மஹ்யா' என்னும் வழக்கம் பரவிற்று. அது நாள்தோறும் நடந்த ஆடம்பரமன்று. ரமளானின் வருகையை ஊருக்கு அறிவித்த மகிழ்ச்சி. இப்போது அங்கே எண்ணெய்க்குப் பதில் மின்குமிழ்கள் எரிகின்றன. சுலைமானிய்யாவின் வளையங்களிலும் அவ்வாறே. ஆயினும் அவ்வளையங்கள் மேலேறிவிடவில்லை. இன்றும் தலைக்கு மேலே தாழ்ந்தே நிற்கின்றன.

இனி நம் பக்கம் திரும்புவோம். பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது நாம் முதலில் கேட்பது, எத்துணைப் பெரிய சரவிளக்கு என்பதையே. குளிர்சாதனத்திற்காகச் சாளரங்களை அடைத்து, நண்பகலிலும் மின்விளக்கு எரிக்கிறோம். கண்ணைப் பறிக்கும் ஒளி மேலே இருக்க, கடைசி ஸஃப்பில் அமர்ந்த முதியவர் முஸ்ஹஃபைச் சாய்த்துச் சாய்த்து எழுத்தைத் தேடுகிறார். அவருக்குப் பயன்படாத ஒளி யாருக்காக?

உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் உண்டு. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடலாம் என்பது அங்குச் சொல்லப்படும் காரணம். ஏற்றுவதில் நன்மை உண்டெனில், தேவை தீர்ந்தபின் அணைப்பதிலும் நன்மை உண்டு. அடுத்த முறை நம் ஜமாஅத்தார் விளக்கு வாங்கக் கூடும்போது, விலைப்பட்டியலைப் பிரிக்குமுன், ஒரு முஸ்ஹஃபை எடுத்துக்கொண்டு கடைசி ஸஃப்பில் சற்று நேரம் அமர்ந்து பார்க்கட்டும். எந்த இடத்தில், எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை அந்த ஏடே சொல்லிவிடும்.