மகன் கடனும் மன்னன் ஆணையும்: புதுவை நைனியப்ப பிள்ளை வழக்கு

குடும்பக் கடனும் அரசாணையும் மோதும் இடத்தைப் பொருளாகக் கொண்ட கிரேக்க அவல நாடகங்களுள் தலையாயது சோபோக்கிளிசு இயற்றிய அந்திகோனி. நகரின்மேற் படையெடுத்து வந்து மாண்ட பொலிநைசின் உடலை அடக்கம் செய்தல் ஆகாது என்பது மன்னன் கிரியோனின் ஆணை. உடன்பிறந்தாளாகிய அந்திகோனி அவ்வாணையை மீறி மண் தூவி இறுதிக் கடன் ஆற்றினாள், அதனால் உயிரிழந்தாள். இருவர் பக்கத்தும் அறம் உண்டு, ஒருவர் அறத்தை மற்றவர் காணாமையே அவலம் என்பது செருமானிய மெய்ப்பொருள் அறிஞர் எகலின் கொள்கை. அக்கொள்கை யாண்டும் பொருந்துமா என்பதைப் புதுச்சேரியில் நிகழ்ந்த வழக்கொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக நைனியப்ப பிள்ளையை 1708இல் அமர்த்தியவர் ஆளுநர் எபேர். சைவ வைணவக் குடிகள் நிறைந்த நகரில் கிறித்தவர் அல்லாத ஒருவர் அப்பதவியில் இருத்தல் சேசு சபையினர்க்கு உடன்பாடன்று. அவரை மதம் மாற்றுக, அன்றேல் விலக்குக என அவர்கள் பலகாலும் வற்புறுத்தினர். 1715இல், சமய வழக்கங்கள்மேல் விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து நகர மக்கள் ஊரைவிட்டுப் புறப்படத் துணிந்தனர். அதனைத் தூண்டியவர் நைனியப்பரே என்று மறு ஆண்டு பெப்ரவரியில் அவரைச் சிறையிட்டனர். ஆணையிட்டவர், இரண்டாம் முறை புதுவைக்கு வந்திருந்த அதே எபேர். கடைத்தெருவில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, உடைமை பறிமுதல், மைந்தர்க்கு நாடு கடத்தல் எனச் சூன் திங்களில் தீர்ப்பாயிற்று. 1717இல் நைனியப்பர் சிறையிலேயே மாண்டார்.

இவ்வழக்கில் மொழி பற்றிய ஒரு கூறு தமிழறிஞர் கருதற்பாலது. நைனியப்பர் அறிந்தவை தமிழும் போர்த்துக்கீசியமும். வழக்கின் ஆவணங்களோ பிரெஞ்சு மொழியில் அமைந்தன. இடைநின்று மொழிபெயர்த்த மானுவேல், சேசு சபையினரின் உபதேசியார் ஒருவருடைய மகன். தாம் படித்தறிய இயலாத தாளில் குற்றஞ்சாட்டப்பெற்றவர் கையொப்பமிட நேர்ந்ததைப் பின்னர் எழுந்த முறையீடுகள் சுட்டிக் காட்டின. கிரியோன் கேட்ட வினாவும் அந்திகோனி இறுத்த விடையும் ஒரே மொழியில் நிகழ்ந்தன. புதுவையில் அந்த வாய்ப்பும் இல்லை.

எகலின் கொள்கை இவ்விடத்தில்தான் தளர்கின்றது. தீப்சு நகரில் அரசு ஒன்றே. மன்னன் சொல்லே முடிந்த முடிபு. புதுவையில் அரசு என்பது ஒருமுகமாக இருந்ததில்லை. ஆளுநர், ஆட்சிக் குழு, பாரிசில் இருந்த கும்பினித் தலைவர்கள், அவர்க்கும் மேலாக மன்னர் என அது பல படியாகக் கிடந்தது. பாதிரிமாருள்ளும் பிளவு இருந்தது. வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் நைனியப்பர்க்கு ஆதரவாக எழுதினர். செயின்ட் மாலோ வணிகரும் அவர் பக்கம் நின்றனர். அரசின் ஒரு கை தண்டித்ததை மற்றொரு கையிடம் முறையிட இடம் இருந்தது.

அவ்விடத்தைக் கண்டவர் மூத்த மகன் குருவப்ப பிள்ளை. அவர் கடல் கடந்து பாரிசு சென்றார். பதினைந்தாம் லூயி அந்நாளில் இளஞ்சிறுவர்; அவர் பெயரால் ஓர்லியன் கோமகன் பிலிப்பு ஆண்டுவந்தார். தந்தைமேல் விழுந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. எபேர் பதவி இழந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். பாண்டியன் அவையில் வழக்குரைத்து, இறந்த கணவன் கள்வன் அல்லன் என நிறுவிய கண்ணகியை இங்கு நினைக்கலாம். ஆயின் பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர் நீத்தான். புதுவையில் பிழை செய்தவர் உணர்ந்ததாகச் சான்றில்லை. மேலிடம் திருத்தியது, அவ்வளவே.

குருவப்பர் பாரிசில் கிறித்தவரானார். சார்லசு பிலிப்பு லூயி என்பது அவர் பெற்ற திருமுழுக்குப் பெயர். புனித மிக்கேல் விருதும் பெற்று, வீரப்பெருமகனாக 1722இல் புதுவை திரும்பித் தலைமைத் தரகரானார். நைனியப்பர் சிறை சென்றபோதும் ஏலாத ஒன்றை, அவர் பெயரைக் காக்கச் சென்ற மகன் ஏற்றார் என்பதே இவ்வரலாற்றின் கூர்மையான இடம் என்று கருதுகின்றேன். இல்வாழ்வான் பேணத் தக்கோருள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தவர் வள்ளுவர். தந்தைக்கு நீர்க்கடன் ஆற்றுதல் மூத்த மகனின் உரிமை. திருமுழுக்குப் பெற்றவர்க்கோ கத்தோலிக்க நெறி அதனை ஒப்பவில்லை. அந்திகோனி இறுதிக் கடனைச் செய்து உயிரை இழந்தாள். குருவப்பர் தந்தையின் பெயரை மீட்டு, அக்கடனைச் செய்யும் உரிமையை இழந்தார். அவர் மனம் விரும்பி மாறினாரா, காரியம் கருதி மாறினாரா என்று வரலாற்றாசிரியர் துணிந்து கூறுதல் முறையன்று. விலை கொடுக்கப்பட்டது என்பது மட்டும் தெளிவு.

குருவப்பர் 1724இல் மறைந்தார். பதவி, கிறித்தவரான கனகராய முதலியாரிடம் மீண்டும் சென்று 1746 வரை அவரிடம் இருந்தது. நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையின் மகனும், 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்தவருமாகிய ஆனந்தரங்கர் 1747இல் அப்பதவியை ஏற்றார். அவர் சமயம் மாறவில்லை.