பல் சொல்லும் சாட்சி

சிட்லபாக்கத்திலிருந்து சில கல் தொலைவில் இருப்பது பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், அங்கே சரளைக்கல் தோண்டப்பட்ட குழி ஒன்றில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் கல்லால் செய்த கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதரைப் பற்றிய ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்கிற்று. திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் அடிவாரத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் நம்மில் பலர் இதனை அறியமாட்டோம்.

கருவி கிடைத்தது, அதனை ஏந்தியவரோ கிடைக்கவில்லை. நம் பகுதியின் செம்மண் எலும்பை நெடுங்காலம் காத்து வைப்பதில்லை. கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையுடையன என்று சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011இல் அறிவித்தனர். அங்கேயும் அக்கருவிகளுடன் கிடைத்த உயிர்ச் சான்றுகளுள் சிறப்பிடம் பெறுபவை கல்லாகிப்போன விலங்குப் பற்களே. எலும்பு கரைந்த பின்னும் பல் நிற்கிறது. ஆகவே முன்னோர் எப்படி உண்டனர், எதனால் வருந்தினர், எந்த நோய்க்கு ஆளாயினர் என்று அறிய விரும்புவோர் முதலில் பற்களையே கேட்கின்றனர்.

அழியாத ஏடு

பல்லின் மேற்பரப்பை மூடியிருக்கும் எனாமல் என்னும் பற்சிப்பி மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்; பற்சிப்பியோ ஒருமுறை உருவான பின் மாறுவதில்லை. பால்பற்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்குகின்றன. நிலைப்பற்களுள் முதல் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டிய நாள்களில் தொடங்கி, மூன்று வயதளவில் தன் சிப்பியைக் கட்டி முடிக்கிறது.

அந்த ஆண்டுகளில் குழந்தை கடுங்காய்ச்சலிலோ பட்டினியிலோ வாடினால் சிப்பி கட்டும் வேலை தடைப்படும். பல்லின் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். அந்தக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு, துன்பம் எந்த வயதில் நேர்ந்தது என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். பல்லின் தேய்மானம் உணவின் கரடுமுரட்டையும், அரைவைக் கல்லிலிருந்து மாவில் கலந்த மணலையும் காட்டும். சொத்தை, மாவும் இனிப்பும் மிகுந்த உணவைக் காட்டும். பல்லில் படியும் காரைக்குள் உண்ட பொருளின் நுண்துகள்கூடச் சிக்கியிருக்கும். அரியானாவில் உள்ள பர்மானா என்னும் அரப்பா நாகரிக ஊரில், நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பற்களில் இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் மாவுத்துகள்கள் கண்டறியப்பட்டன. நம் அடுக்களையின் மணம் அத்துணைப் பழையது.

இலங்கையின் தொல்லிடங்களில் கிடைத்த 26 மனிதரின் பற்சிப்பியை வேதியியல் முறையில் ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர் என்று 2015இல் நிறுவினர். அடர்ந்த காட்டில் பழங்கால மனிதர் நிலைத்து வாழ இயலாது என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர்.

உழவு வாங்கிய விலை

உத்தரப் பிரதேசத்தில் கங்கைச் சமவெளியிலுள்ள சராய் நாகர் ராய், மகாதகா, தம்தமா ஆகிய இடங்களில் இடைக்கற்கால வேட்டையாடிகளின் கல்லறைகள் அகழப்பட்டன. அவர்கள் நெடிய, திண்ணிய உடலினர். அவர்தம் பற்களில் சொத்தை மிக அரிது. பின்னர் மனிதன் நிலத்தை உழுது தானியம் விளைவித்தான், களஞ்சியம் நிறைந்தது, ஊர் பெருகியது. அந்த மாற்றத்தின் கணக்கும் பல்லில் ஏறியது. சிந்துவெளியின் அரப்பாவில் கிடைத்த பற்களை அமெரிக்க அறிஞர் ஜான் லூகாச் ஆராய்ந்தார். நூற்றுக்கு 6.8 பற்கள் சொத்தையாயிருந்தன. இறப்பதற்கு முன்னரே விழுந்துவிட்ட பற்களையும் கணக்கிட்டால் அது 12.1 ஆக உயர்ந்தது.

இச்சுமை அனைவருக்கும் சமமாக இருக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களின் பற்களே மிகுதியாகச் சிதைந்திருந்தன. உழவு பரவியபோது மகப்பேறும் பெருகிற்று. கருவுற்ற காலத்தில் உமிழ்நீரும் உடல்நிலையும் மாறுவதால் பற்கள் எளிதில் கேடுறுகின்றன என்று லூகாச் விளக்குகிறார். நாகரிகம் என்று நாம் போற்றும் வளர்ச்சிக்குத் தாய்மார் தம் உடலால் விலை கொடுத்தனர் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. பல் சொல்கிறது.

குழந்தைகளும் விலை கொடுத்தனர். புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் உள்ள இனாம்காவுன் என்னும் ஊரைத் தக்காணக் கல்லூரியினர் 1968 முதல் அகழ்ந்தனர். ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வூரார், இறந்த குழந்தைகளை இரு தாழிகளுக்குள் வாயோடு வாய் பொருத்தி, தம் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தனர். அக்குழந்தைகளின் பால்பற்களில், குறிப்பாகக் கோரைப் பற்களில், சிப்பி கட்டாமல் போன குழிகள் உள்ளன. பிறப்பை ஒட்டிய மாதங்களிலேயே அவர்கள் ஊட்டமின்றி வாடியதற்கு அவை அடையாளம். ஆதிச்சநல்லூரின் தாழிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கும் நமக்கு, பிள்ளையை வீட்டை விட்டு அனுப்ப மனமில்லாத அந்தப் பெற்றோரின் துயரம் புரியாமற் போகாது.

துளையிட்ட கை

இத்துயரங்களுக்கு நடுவே வேறொரு செய்தியும் உண்டு. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் உள்ள மெகர்கரில், பிரெஞ்சு அறிஞர் ழான் பிரான்சுவா ழாரீழ் தலைமையில் 1974 முதல் அகழாய்வு நடைபெற்றது. அங்குள்ள இடுகாட்டில் ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் நேர்த்தியான துளைகள் காணப்பட்டன. அவர்கள் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். மணிகளைத் துளையிடப் பயன்பட்ட தீக்கல் துரப்பணமே இங்கும் பயன்பட்டது என்று 2006இல் ஆய்வாளர் அறிவித்தனர். சில பற்களில் சொத்தையின் அடையாளமும் இருந்தது. துளையின் விளிம்புகள் மழுங்கித் தேய்ந்திருந்தன. அப்படியானால் அம்மனிதர் துளையிட்ட பின்னும் உயிரோடிருந்து, அதே பல்லால் மென்று உண்டனர். மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஒருவர் வாய் திறந்து பொறுத்திருக்க, மற்றொருவர் கை நடுங்காமல் துளையிட்டிருக்கிறார்.

பள்ளக்கோடு விழுந்த பற்களையும் இவ்வாறே இன்னொரு முறை பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் பல்லில் அக்கோடு இருந்தால், அவர் சிறு வயதில் நோயுற்றார் என்பது மட்டும் அதன் பொருளன்று. அந்நோயிலிருந்து மீண்டு வளர்ந்தார் என்பதும் அதன் பொருள். நோயுற்ற இரண்டு வயதுப் பிள்ளை தானாக மீள்வதில்லை. யாரோ அதன் அருகில் விழித்திருந்தனர், யாரோ ஊட்டினர். கோடே விழாமல் இறந்துபோன பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய உடல் அந்தப் போராட்டத்தைப் பதிவு செய்யுமளவுக்கு நீடிக்கவில்லை.

நாம் எழுதும் ஏடு

முன்னோர் நோயின்றி வாழ்ந்தனர் என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. காலம் செல்லச் செல்ல வாழ்வு தானே சிறக்கும் என்று நம்புவோரும் உண்டு. பற்கள் இரு சாராருக்கும் துணை நிற்கவில்லை. வேட்டையாடியின் பல்லில் சொத்தை குறைவு என்பதனால் அவன் வாழ்வு எளிதாயிருந்தது என்று பொருளன்று. உழவனின் பல் கெட்டது என்பதனால் உழவு தீமையன்று. ஒவ்வொரு காலத்திலும் சுமை யார் மேல் விழுந்தது, அதனைத் தாங்க யார் உடனிருந்தார் என்பதே பல்லிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வி நம்மையும் விடுவதில்லை. மெகர்கரின் நீரில் இயற்கையாகவே மிகுந்திருந்த ஃபுளூரைடு அவ்வூராரின் பற்களில் கறையாகப் படிந்திருந்தது. அதே கறை நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பிள்ளைகளுடைய பற்களிலும் உண்டு. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் அவ்வேதிப்பொருள் அளவு மீறியதே காரணம். மெகர்கர் மக்கள் தாம் குடித்த நீரில் என்ன இருந்தது என்று அறியார், நாம் அறிவோம். அறிந்ததனால்தான் காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. மெகர்கரில் துளையிட்ட கையின் வழித்தோன்றல் என்று அத்தகைய பணியைச் சொல்லலாம்.

இன்று நம் வீட்டில் பால்பல் முளைக்கும் பிள்ளை, தன் தாய் உண்டதையும் தான் குடிக்கும் நீரையும் தன் எனாமலில் எழுதிக்கொண்டிருக்கிறது. கூலி வேலைக்குச் சென்றிருக்கும் பெற்றோருக்காகக் காத்திருக்கும் அடுத்த தெருப் பிள்ளையும் அவ்வாறே எழுதுகிறது. நாம் கட்டும் வீடுகளும் நிறுத்தும் பெயர்ப் பலகைகளும் எத்தனை காலம் நிற்கும் என்று சொல்வதற்கில்லை. இவ்விரு பிள்ளைகளின் பற்கள் நிற்கும். பின்னொரு நாள் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒரே ஊரில் இரண்டு வகையான குழந்தைப் பருவம் இருந்தது என்று படிக்க நேராதபடி செய்வது இப்போது நம் கையில் இருக்கிறது.