இரண்டில்லை என்றவர்களும் இரண்டு கிளாசும்

எங்க தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி ஏறி, இருமலோடு ஊர் திரும்பியபோது கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் ரெண்டு வேட்டி, ஒரு கம்பளி, சில புத்தகங்கள். பொழுது சாய்ந்ததும் சேரி மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு கைவல்ய நவநீதம் வாசிப்பார். தாண்டவராய சுவாமிகள் தமிழில் செய்த அத்வைத நூல் அது. சீடன் கேட்க, குரு சொல்வதாகப் போகும். தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என்று ரெண்டு பகுதி. நடவுக்கும் அறுப்புக்கும் போய்வந்த சனங்கள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பார்கள். எங்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் கொஞ்சம் தள்ளி இருட்டில் நின்று கேட்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவும் இல்லை.

பாட்டைப் படித்துவிட்டுத் தாத்தா தன் பேச்சில் சொல்லுவாரு: "இருக்கறது ஒண்ணுதான். உனுக்குள்ள இருந்து பாக்கறதும் எனுக்குள்ள இருந்து பாக்கறதும் வேற வேற இல்ல. ரெண்டுன்னு நெனைக்கிறதுதான் அறியாம."

சேரியில் வேதாந்தமா என்று இப்போதும் சிலர் வியக்கிறார்கள். யாரும் கொண்டுவந்து எங்களுக்குப் பிச்சை போடவில்லை. தமிழில் இருந்தது. எழுத்துத் தெரிந்தவர் எடுத்துப் படித்தார்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1970களின் தொடக்கத்தில், ஒருநாள் தாத்தா என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஊர்த்தெரு முனையில் கடை. ஊர்க்காரர்களின் கிளாஸ் கடைக்குள் இருக்கும். எங்களுடையது வெளியே கூரை வாரையில் செருகியிருக்கும். நாமே எடுத்து, கழுவி, நீட்டணும். கைபடாமல் மேலேயிருந்து ஊத்துவார்கள். குடித்து முடித்து, கழுவி, மறுபடி அங்கேயே செருகணும். கடையில் தனிப் பாத்திரம் வைப்பது குற்றம் என்று 1955இலேயே சட்டம் வந்துவிட்டது. எங்க ஊருக்கு அது வரவில்லை.

நான் சும்மாதான் கேட்டேன். "தாத்தா, ரெண்டு இல்லன்னு சொன்னியே, கிளாசு மட்டும் ரெண்டு இருக்குதே?"

தாத்தா பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தார். கிளாசைக் கழுவிச் செருகினார். வழியெல்லாம் பேசவில்லை. சந்தேகம் தெளிதற் படலத்தில் சீடன் எத்தனையோ சந்தேகம் கேட்கிறான். இந்த ஒரு சந்தேகத்தை அவன் கேட்கவில்லை.

1980களில் கல்லூரியில் படித்தபோது நகரத்தில் நடந்த ஒரு வேதாந்தச் சொற்பொழிவுக்குப் போனேன். கயிறு, பாம்பு உவமையைச் சொன்னார்கள். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று மயங்கிப் பயப்படுகிறோம், வெளிச்சம் வந்தால் பாம்பு இல்லை, உலகத்தில் தெரியும் வேற்றுமையும் அப்படித்தான் என்றார்கள். முடிந்ததும் எழுந்து, அப்படியானால் தீண்டாமை என்னாவது என்று கேட்டேன். பதில் தயாராக இருந்தது. ஒன்று என்பது பரமார்த்திகம், அதாவது முடிந்த முடிவான உண்மை. சாதி வியாவகாரிகம், அதாவது உலக வழக்கில் மட்டும் உள்ளது. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது, தம்பி.

குழப்பியது நானா என்று பார்க்கத்தான் அதற்கப்புறம் படிக்க ஆரம்பித்தேன்.

சங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில், முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், அபசூத்ராதிகரணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. சாந்தோக்கிய உபநிஷத்தில் ஒரு கதை. வண்டிக்கடியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும் ரைக்வர், தன்னைத் தேடி வந்த ஜானசுருதி என்பவனைச் சூத்திரனே என்று கூப்பிடுகிறார். பிறகு அவனுக்கே பிரம்ம வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறார். நேராகப் படித்தால் சூத்திரனும் இதைப் படிக்கலாம் என்றுதான் வரும். சூத்திரமும் பாஷ்யமும் அந்த வாசலை அடைக்கின்றன. இங்கே சூத்திரன் என்றால் சாதி இல்லையாம், துக்கம் பிடித்தவன் என்று பொருளாம். வேதம் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்லும் ஸ்மிருதி விதியையும் சங்கரர் அங்கே ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறார். விதுரர் போன்றவர்களுக்கு ஞானம் வந்ததே என்றால், அது முற்பிறவிப் பயன் என்கிறார். புராண இதிகாசம் கேட்டுக்கொள்ளலாம், வேதத்தின் வழியாக வரக்கூடாது. சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால் வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் கணக்கு என்ன?

ஞானம் வந்தவனுக்கு வருணமும் இல்லை ஆசிரமமும் இல்லை என்று சொன்னவரும் அதே சங்கரர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஞானம் வரும்வரை வருணாசிரமக் கடமையைச் செய்து மனசைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். ஆக, மேலே போனால் சாதி இல்லை. மேலே போகிற ஏணியைப் பிடிக்கச் சாதி வேண்டும்.

இந்த முரண்பாட்டை முதலில் பிடித்துக் கேலி செய்தது நாமில்லை, இராமானுஜர். சூத்திரருக்கு வேதவழி இல்லை என்பதில் அவருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஸ்ரீபாஷ்யத்தில் இதே இடத்தில் அத்வைதிகளை மடக்குகிறார். எல்லா வேற்றுமையும் பொய், அறிவு ஒன்றே விடுதலை தரும் என்கிறீர்கள். அப்படியானால் சூத்திரனை விலக்க உங்களிடம் என்ன நியாயம் இருக்கிறது என்பது அவர் வாதம். எதிராளியை மடக்கச் சொன்ன வாதம்தான். ஆனால் அத்வைதத்தை நிஜமாகவே நம்பினால் சாதி நிற்காது என்பது ஆச்சாரியார்களுக்கே தெரிந்திருக்கிறது.

உடனே மனீஷா பஞ்சகத்தைக் காட்டுவார்கள். காசியில் நாலு நாய்களோடு எதிரே வந்த சண்டாளனைச் சங்கரர் விலகச் சொன்னாராம். விலக வேண்டியது உடம்பா, உள்ளே இருக்கும் அறிவா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். சங்கரர் அவனைக் குருவாக ஏற்றுப் பாடினாராம். நல்ல கதை. அந்தக் கேள்வியைக் கேட்க நம்மில் ஒருவனுக்கு அறிவிருந்தது என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்படலாம். மாதவீய சங்கர விஜயத்தில் கதையின் முடிவைப் பாருங்கள். சண்டாளன் சிவனாக மாறிவிடுகிறான், நாய்கள் நாலு வேதமாகிவிடுகின்றன. கும்பிட்டது சிவனைத்தான். சண்டாளனாகவே அவன் மறுநாளும் அந்தத் தெருவில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கதை சொல்வதில்லை.

சிவனாக மாறாத ஒருவர் நம் வரலாற்றில் இதே கேள்வியைக் கேட்டார். 1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தியவர். பௌத்தத்துக்கு முன் அவர் நின்ற இடம் அத்வைதம் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. எல்லா உயிரும் ஒன்று என்பதை ஏற்று, அதைச் சபையாகக் கட்டி, அதற்குள் வாழ்ந்து பார்த்தார். 1892இல் சென்னை மகாஜன சபை கூட்டத்துக்குப் போய், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அங்கிருந்த சாஸ்திரி ஒருவர் சொன்ன பதில், உங்களுக்குத்தான் மதுரைவீரன், காட்டேரி, கருப்பன் எல்லாம் இருக்கிறதே என்பது. பிரம்மம் ஒன்று, தெய்வம் மட்டும் ஊருக்குத் தனி, சேரிக்குத் தனி. அந்தக் கூட்டத்துக்கு ஆறு வருஷம் கழித்து, 1898இல், பண்டிதர் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். சாக்கிய பௌத்த சங்கம் அமைத்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். மதம் மாறினார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவரவர் சொன்ன ஒருமையை அவரவர் வாசலிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியேறினார்.

வெளியேறாமல் அத்வைதத்துக்குள்ளேயே நின்று போராடியவர் நாராயண குரு. நம் குமரி மாவட்டத்து மருத்துவாமலைக் குகையில் தவம் இருந்தவர், தமிழிலும் பாடல் செய்தவர். கோயில் பிரதிஷ்டை செய்ய உரிமை மறுக்கப்பட்ட ஈழவர் சாதியில் பிறந்து, 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நாட்டினார். 1913இல் ஆலுவாயில் அத்வைத ஆசிரமம் அமைத்தார். மாட்டுக்கு மாட்டுத்தன்மை போல மனிதனுக்கு மனிதத்தன்மையே சாதி என்று எழுதினார். 1927இல் களவங்கோடத்தில் சாமிக்குப் பதில் கண்ணாடியை வைத்தார். கும்பிட வந்தவன் தன்னையே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அவரைக் கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய சீடர் சகோதரன் அய்யப்பன் 1917இல் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட்டார். சொந்தச் சாதிக்காரர்களே அவரை விலக்கிவைத்து 'புலையன் அய்யப்பன்' என்று வைதார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். குரு அவரைக் கைவிடவில்லை. சேர்ந்து உண்பதிலும் மணம் செய்துகொள்வதிலும் தப்பே இல்லை என்று 1921இல் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அண்ணல் அம்பேத்கரின் 'இந்து மதத்தில் புதிர்கள்' நூலை 1987இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்டது. அதில் இந்தப் பிரம்மக் கொள்கையைப் பற்றி ஒரு புதிர் உண்டு. எல்லாரிடத்திலும் இருப்பது ஒரே பிரம்மம் என்றால் ஜனநாயகத்துக்கு இதைவிட உறுதியான அஸ்திவாரம் கிடையாது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்ட கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தீண்டாமையையும் எப்படி வைத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் அவர் போடும் புதிர். தத்துவம் சமூக தர்மமாக மாறவே இல்லை. அதற்கு விட்டால்தானே மாறும்?

தாத்தா 1984இல் செத்துப்போனார். காரியம் முடிந்து தகரப் பெட்டியைத் திறந்தோம். கைவல்யத்துக்கு அடியில் பண்டிதரின் புத்தகம் ஒன்று, சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது, ஓரம் செல்லரித்துக் கிடந்தது. ஆயா சொன்னாங்க: "உங்க தாத்தன் அந்தக் கடையில டீ குடிக்கிறத வுட்டது நீ கேட்ட அன்னிக்குத்தான். அப்பறமும் சும்மா இல்ல. மரத்தடியில வண்ணான கூப்புட்டுப் பக்கத்துல குந்தவச்சி, ஊட்டுலருந்து டீ எடுத்தாரச் சொல்லி, தான் குடிக்கிற லோட்டாவுலயே குடுத்தாரு. நம்ம சனத்துல பாதிப் பேரு மறுநாளுலருந்து படிப்பு கேக்க வர்ல."

எனக்குத் தெரியாமல் போன விஷயம் இது. ரெண்டாம் வகுப்புக்கப்புறம் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஊர்க்காரன் கிளாசை மட்டுமே நான் இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் மரத்தடியிலும் ரெண்டு இருந்திருக்கிறது. அதைத் தாத்தா தொட்டபோது சேரியே அவரை விலக்கியிருக்கிறது.

கைவல்யமா, பௌத்தமா என்று தாத்தா எதையும் எங்களுக்கு எழுதிவைக்கவில்லை. ரெண்டு புத்தகமும் என்னிடம்தான் இருக்கின்றன. அந்த லோட்டா யாரிடம் போனது என்று தெரியவில்லை. ஒருமை பேசுகிற யாரையும், சங்கரரையோ, சாமியாரையோ, மேடையில் பேசும் நம் தோழரையோ, நான் இப்போது கேட்பது ஒன்றுதான். உங்க வீட்டு லோட்டாவில் யார் யார் குடிக்கலாம்?