பரங்கிமலை

சென்னை ஆதம்பாக்கத்தை ஒட்டிச் சுமார் 300 அடி உயரத்தில் நிற்கும் குன்று. புனித தோமையார் மலை என்றும் பெயர். இயேசுவின் சீடர் தோமையார் இங்கே உயிர் நீத்தார் என்பது கிறித்தவ மரபு. உச்சியிலுள்ள தேவாலயத்தைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டினர். 1547இல் கட்டுமானப் பணியின்போது கிடைத்த, பகலவி எழுத்து பொறித்த கற்சிலுவை பீடத்தில் உள்ளது. மலைப்படிகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே.

வழிபட வருவோர் பலரும் கவனிக்காமல் கடந்துபோவது நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை. அவசியம் நின்று பார்க்க வேண்டியது அதுதான். 1802 ஏப்ரல் 10 அன்று லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் இங்கிருந்து பெரும்பாக்கம் நோக்கி, சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த நில அளவாய்வு இமயம்வரை சென்று, எவரெஸ்ட்டின் உயரத்தையும் கணித்தது. இந்தியாவின் வரைபடமே இந்தக் குன்றுக்குக் கடன்பட்டது.

கிறித்தவ மரபைப் போலவே, ஆதம்பாக்கம் நந்தீசுவரர் கோயிலின் தலபுராணமும் இம்மலையைப் போற்றி, இதைப் பிருங்கி முனிவரோடு இணைக்கிறது. மின்ரயில், மெட்ரோ இரண்டுக்கும் பரங்கிமலை நிலையம் உண்டு. படியேற இயலாதோர் வாகனப் பாதையில் உச்சிவரை செல்லலாம்.